வெள்ளையாகாத சக்கரம்

தம்போய்ப் பட்டறைத் தெருவில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் அந்த வாசனை வந்து என் மூக்கைப் பிடித்து இழுக்கிறது. சூடேறிய இரும்பு, கருகிய பிரேக் தூள், மண்ணெண்ணெய் எல்லாம் கலந்த காரம். யாரோ ஒரு பையன் மோட்டார் சைக்கிள் சக்கரத்தைச் சுரண்டிக்கொண்டிருப்பான். பஸ் வரும், போகும். நான் ஏற மறந்து, பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில், எட்டு வயதுப் பெண்ணாகக் குந்தியிருப்பேன். ஒரு பக்கம் அம்மாவின் வசவு. இன்னொரு பக்கம் மாமாவின் பெருமூச்சு.

மாமா அம்மாவின் தம்பி. பெற்றவர்கள் காய்ச்சலில் போனபின் அம்மாதான் அவரை இடுப்பில் வைத்து வளர்த்தாள். பால்மரம் வெட்டுகிற கூட்டத்தில் அவருக்கு மட்டும் கத்தியைவிட ஸ்பேனர் பிடித்தது. அதைப் பார்த்துத் தோட்டத்து மேனேஜர் துரை தன் மோட்டார் சைக்கிளை அவர் பொறுப்பில் விட்டிருந்தார். தினமும் காலையில் பெக்கோக் ஸ்டேஷனுக்குப் போய்த் தபால் பையை எடுத்து வருவது மாமாவின் வேலை.

அந்தக் காலத்து வண்டியில் சக்கரத்தோடு ஒரு இரும்பு வளையம் இருக்கும். மிதியை அழுத்தினால் ஒரு கட்டை அந்த வளையத்தை இறுக்கிப் பிடிக்கும். அதுதான் பிரேக். எங்கள் தோட்டமோ மேடும் பள்ளமும். இறக்கத்துக்கு இறக்கம் கட்டை தேய்ந்து, தூள் உதிர்ந்து, சூட்டில் வெந்து, செம்மண்ணையும் சேர்த்துக்கொண்டு, பானையில் அடிப்பிடித்த சோறு மாதிரி வளையத்திலும் கம்பிகளிலும் ஒட்டிக்கொள்ளும்.

துரைக்குத் தொலைவில் தம்போய்ப் பக்கம் பெரிய தோட்டத்துக்கு மாற்றல் வந்தது. போகிறபோது வண்டியும் போகும். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் வேண்டும். "ஞாயிற்றுக்கிழமை பார்ப்பேன். சக்கரம் வெள்ளையாக இருந்தால் நீ என்னோடு வா. இல்லாவிட்டால் வேறு ஆள்" என்று மாமாவிடம் சொல்லிவிட்டார். தேய்ப்பதற்கென்று அந்த வாரம் மட்டும் வண்டியை லயத்துக்குக் கொண்டுபோகவும் விட்டார்.

வந்தது வினை. எங்கள் வீட்டு அடுப்பங்கரை அப்படியே வாசலுக்குக் குடிபெயர்ந்தது. அடுப்புச் சாம்பல் போனது, செங்கல் பொடி போனது, விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய் போனது, கடைசியில் புளிப்பானையும் போனது. மாமா தேங்காய் நாரால் தேய்ப்பார். தேய்த்து எழுந்தால் முதுகு நிமிராது. ஆனால் சாயங்காலம் சக்கரம் பளபளக்கும். லயமே வந்து பார்த்துவிட்டுப் போகும். மறுநாள் பெக்கோக் போய்த் திரும்புவார். கறுப்பு! முந்தைய நாளைவிடத் தடியாக, பிசுக்காக, நகத்தால் கீறினாலும் பெயராத கறுப்பு.

"ஏ புள்ள, குழம்புல புளி எங்க?" என்றார் அப்பா, தட்டைத் தள்ளிவிட்டு.

"என்னைக் கேட்டா? அந்தச் சக்கரத்தைக் கொதிக்க வச்சு ரசமா குடி" என்றாள் அம்மா. பிறகு வாசலைப் பார்த்து, "டேய், அந்தச் சனியனைத் தூக்கிக்கிட்டு எங்கயாச்சும் தொலைஞ்சு போடா!"

"அதுக்குத்தானேக்கா இந்தப் பாடு!" மாமா கத்தினார். "நேத்துத்தானே தேய்ச்சேன்? என்ன எழவு இது, ராத்திரியில முளைக்குதா?"

கட்டையைத் திட்டினார். செம்மண்ணைத் திட்டினார். நான் தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு கிட்டே போனதற்கு என்னையும் திட்டினார். "எண்ணெய்க் கையால தொடாத! பிரேக் பிடிக்காது. எண்ணெய் பட்டா கறுப்பு இன்னும் இறுகிக்கும்." அந்தச் சத்தம் லயத்தின் கடைசி வீடுவரை கேட்டது. அடுப்படியில் இருந்த அம்மாவுக்குக் கேட்காமல் இருந்திருக்காது.

சனிக்கிழமை. தபால் பையோடு மாமா மேட்டிலிருந்து இறங்கி வருகிறார். அம்மா இரண்டு பால்வாளிகளைத் தோளில் சுமந்த காண்டாக் கட்டையில் தொங்கவிட்டு, பாலை ஊற்றும் ஸ்டோருக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் அவள் பின்னால். வண்டி வேகம் குறையவில்லை. மாமா மிதியை மிதிக்கிறார், மிதிக்கிறார், வண்டி அவர் பேச்சைக் கேட்பதாக இல்லை. எங்களைத் தாண்டிப் பறந்து, வளைவில் திரும்பாமல், பெரிய சாக்கடைக் கானுக்குள் தலைகுப்புறப் போனது.

அம்மா கட்டையை வீசிவிட்டு ஓடினாள். ஒரு காலைப்பொழுது உழைத்துச் சேர்த்த பால் செம்மண்ணில் வெள்ளையாக ஓடியது. அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாமா முழங்கை ரத்தத்தோடு எழுந்து வந்தார். சேற்றை வழித்து, வளையத்தைத் தொட்டு, விரலை முகர்ந்தார். தேங்காய் எண்ணெய். மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

"ஏன்க்கா, எண்ணெய் தேய்ச்சு விட்டியே, அப்படியே தலை சீவிப் பின்னியும் விட்டிருக்கலாமே?"

"இரும்பைத் தேய்ச்சா எண்ணெய் தடவணும். இல்லாட்டித் துருப்பிடிக்கும். இதுகூடத் தெரியாதா உனக்கு?" அம்மாவின் குரல் எகிறியது.

"தினமுமா?"

அம்மா முந்தானையைக் கிழித்து அவர் முழங்கையில் இறுக்கிக் கட்டினாள். முடிச்சைப் போட்டபடியே, தரையைப் பார்த்து, "கறுத்துப் போகும்னுதான்டா நெனச்சேன். நீ விழுந்து தொலைவேன்னு நெனைக்கல" என்றாள்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வெள்ளையாக்கத்தானே வீடே நாறிக்கொண்டிருந்தது?

அன்று மத்தியானம் அம்மா ஸ்டோருக்குப் போய், பாலை உறைய வைக்க ஊற்றுகிற ஆசிட்டைக் கெஞ்சிக் கூத்தாடிக் கொஞ்சம் வாங்கி வந்தாள். தண்ணீரில் கலந்தாள். மாமா கிட்டே வந்தபோது, "தள்ளிப்போ. நான் பூசினது, நானே எடுக்கிறேன்" என்று விரட்டினாள். நாரை முக்கி முக்கித் தேய்த்தாள். வாசனை கண்ணைக் கரித்தது. விரல் நுனியெல்லாம் வெந்து தோல் உரிந்தது. வெந்து இறுகிய கறுப்பு பட்டை பட்டையாகக் கழன்று விழுந்தது. கம்பி கம்பியாகக் கழுவினாள், உலர்ந்த துணியால் துடைத்தாள். எண்ணெய்ப் போத்தல் இருந்த பக்கம் போகவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை துரை வந்தார். குனிந்தார். நிமிர்ந்தார். தலையை ஒரு தரம் ஆட்டிவிட்டு நடந்தார். அவ்வளவுதான்! அதற்கா இத்தனை ரகளை என்று எனக்கே எரிச்சலாக இருந்தது.

மாமா கிளம்புகிற நாளில் லயமே வாசலில் நின்றது. தகரப் பெட்டியை வண்டியின் பின்னால் கட்டியாகிவிட்டது. அப்பா வெற்றிலை கொடுத்தார். அம்மா மட்டும் படியில் உட்கார்ந்து, யாருக்கோ முதுகைக் காட்டுவதுபோல் திரும்பி, முறத்தில் அரிசியைக் கொழித்துக்கொண்டிருந்தாள். தொல்லை ஒழிந்தது என்று சந்தோஷமாக ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? போகிற நேரத்திலும் இப்படி முகத்தைத் திருப்புகிறாளே என்று எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது.

மாமா வண்டியை உதைத்து உயிர்ப்பித்தார். சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, "போனதும் காயிதம் போடறேன்க்கா!" என்றார்.

அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"காயிதமெல்லாம் போடாத. எனக்கு என்ன படிக்கவா தெரியும்? நீயே வந்து சொல்லு."