சன்னலோர சீட்டில் ஒரு சோயாச் செடி

குற்றாலத்தில் சீசன் சமயம் பழக்கடைகள் கழித்துப்போடும் அன்னாசித் தோலை மூட்டை கட்டிக்கொண்டு நான் வழக்கமாகப் போய்வரும் சுரண்டை டவுன் பஸ்ஸில் ஏறுவார் அந்தப் பெண். பெயர் தெரியாது. நெடிய, கறுத்த உருவம். எதைக் கையில் எடுத்தாலும் முகர்ந்து பார்ப்பார். ஒருநாள் மூட்டை நாறுகிறதென்று கண்டக்டர் அவரை நடுவழியில் இறக்கிவிட்டார்.

மார்கழியில், வேரோடு பிடுங்கிய சோயாச் செடியுடன் சுரண்டையில் ஏறி, நேரே அதே கண்டக்டரிடம் போனார்.

"அன்னைக்கு நாறுதுன்னு இறக்கிவிட்டீருல்லா? அந்தத் தோலை வெல்லத் தண்ணியில ஊறப்போட்டு, புளிக்கவச்சு, என்சைம்ங்கிற உரத்தண்ணி ஆக்கி, மாட்டெருவோட வயல்ல விட்டேன். போன வருசம் செடியெல்லாம் மஞ்சளாப் போன மண்ணுவே அது. இப்பம் பாரும்!"

வேரெங்கும் மிளகு போலக் குட்டிக் குட்டி முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறினார். உள்ளே நல்ல சிவப்பு.

"உள்ள செவந்திருந்தா, வேரு காத்துலேர்ந்து சத்துப் பிடிக்குதுன்னு அர்த்தம். மோந்து பாரும்."

கண்டக்டர் குனிந்து முகர்ந்தார். "மண்ணு வாசம்லா அடிக்குது!"

"பொம்பளைக்கு ஃப்ரீ. செடிக்கு முழு டிக்கெட் போடும், சீட்டுல உக்காந்து வரட்டும். குத்தாலத்துப் பழக்கடைக்காரங்ககிட்ட கொண்டு காட்டணும்."

கண்டக்டர் சிரித்துக்கொண்டே கிழித்துக் கொடுத்தார். செடி சன்னலோரம் அமர்ந்தது. பாவூர்சத்திரத்தில் கூட்டம் நெருக்கியபோதும் அதை எழுப்ப ஒருவருக்கும் துணிவு வரவில்லை. தென்காசி வரை நானும் நின்றேதான் போனேன்.