மூன்றாவது வளைவைத் தாண்டிய சோலைமலை மாமா

“ஏத்தா, மேட்டுல ஒரு மைலு சைக்கிள் மிதிக்கிறது, சமதரையில எத்தன மைலு மிதிக்கிறதுக்குச் சமம்?”

எழுபத்தாறாம் வருஷம் மாசி மாதத்தில் சோலைமலை மாமா என்னிடம் இப்படிக் கேட்டார். எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு ஆறு வாரம் இருந்தது. என் கணக்குப் புத்தகத்தில் தண்ணீர்த் தொட்டி நிரம்பியது, எதிரெதிரே ரயில்கள் வந்தன. மேடு ஏறும் மாமா யாரும் அதில் இல்லை. தெரியவில்லை என்று சொன்னேன்.

“பதினோரு வருசம் படிச்சு என்னத்தக் கண்ட?” என்று சொல்லிவிட்டு, விடையை அவரே யோசிக்கப் போய்விட்டார். அதுதான் வினையாகிப் போனது.

மாமா என் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். போடியில் ஒரு ஏலக்காய் மண்டியில் சல்லடை போடுகிறவர். மலையிலிருந்து காய்ந்து வரும் காயைச் சலித்துப் பெரிசு, நடுத்தரம், பொடி என்று பிரிப்பது அவர் வேலை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு காயை விரலால் உருட்டிப் பருமன் ஏழு மில்லிமீட்டரா எட்டா என்று சொல்லிவிடுவார். ஆனால் நாற்பது வயதுவரை ஒரு ஏலச் செடியைக்கூட நேரில் பார்த்ததில்லை. காரணம் அவருடைய வயிறு. ஜீப்போ பஸ்ஸோ, மலை உச்சியில் இருக்கும் போடிமெட்டுக்குப் போகிற பதினேழு வளைவுச் சாலையில் வளைய ஆரம்பித்ததும் அவருக்குக் குமட்டும். முதல் வளைவில் பேச்சு நிற்கும். இரண்டாவதில் முகம் வெளுக்கும். மூன்றாவதில் இறங்கிவிடுவார், இறங்குவதற்கு முன்பே சில சமயம் எல்லாம் வெளியே வந்துவிடும். அப்புறம் சாலையோரமாகவே நடந்து போடிக்குத் திரும்பிவிடுவார்.

“சோலைமலைண்ணே, பேருல மட்டும் மலைய வச்சுக்கிட்டு என்ன செய்ய? மூணாவது வளைவுக்கு உங்க பேர வச்சுட்டோம், தெரியுமா?” என்று ஜீப் ஓட்டும் கன்னையன் கடைவீதியில் நிறுத்திச் சொல்வார். உண்மையாகவே டிரைவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். “எங்க நின்னுட்ட?” என்றால் “சோலைமலை வளைவுல பஞ்சர்.”

அம்மாவும் அப்பாவும் மெட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு மைல் தள்ளி ஒரு ஏலத் தோட்டத்தில் வேலை பார்க்கிறார்கள். அங்கே ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் இல்லாததால் நான் மாமா வீட்டில் தங்கிப் படித்தேன்.

எங்களில் பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். எனக்குக் காது குத்திய நாளில் மாமா மூன்றாவது வளைவிலிருந்து திரும்பிவிட்டார். என் தம்பிக்குக் குத்திய நாளிலும் அப்படித்தான். இரண்டு தடவையும் அம்மாவின் சித்தப்பா மகன் தவசி மடியில் உட்கார வைத்துக் குத்தினார்கள். தவசி மாமா அதே தோட்டத்தில் இருப்பவர். “என் மடி என்ன பஸ் ஸ்டாண்டு பெஞ்சா? வர்றவனெல்லாம் உக்காந்துட்டுப் போறான்” என்று சிரிப்பார். அம்மா சிரித்ததில்லை.

தை கடைசியில் ஒரு கடுதாசி வந்தது. அம்மா சொல்ல அப்பா எழுதியது. நான்தான் படித்துக் காட்டினேன். கடைக்குட்டி பேச்சிக்கு வைகாசி பத்தாம் தேதி காது குத்து. மழை இறங்கிவிட்டால் தோட்டத்தில் வேலை தொடங்கிவிடும், அதனால் அதற்கு முன்பே வைத்திருக்கிறார்கள். கடைசி வரி இது: “இனி எனக்குப் பிள்ளை இல்லை. இந்தப் பிள்ளைக்கும் அண்ணன் மடி இல்லை என்றால், அண்ணன் வீட்டு வாசலை நான் மிதிக்க மாட்டேன்.”

மாமா கடுதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று சாப்பிடவில்லை. ஜக்கம்மாள் அத்தை, மாமாவின் மனைவி, தட்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்:

“நடந்தே போயிருங்க. முந்தின நாளே கெளம்புனா ஆச்சு.”

“தாய்மாமன் நடந்து போறதா? ஜீப்ப விட்ட கூலியாளு மாதிரி போயி நிக்கணுமாக்கும். மச்சான் வீட்டு ஆளுக என்ன பேசுவாக?”

“வாந்தி எடுத்துட்டுத் திரும்பி வந்தப்ப மட்டும் நல்லாப் பேசுனாகளாக்கும்.”

“வண்டியிலதான் போவேன். சைக்கிளும் வண்டிதான? நானே மிதிச்சா எனக்கு எப்படிக் கொமட்டும்?”

“உங்களுக்குச் சைக்கிள் தெரியாதே.”

“பழகுனாத் தெரியும்.”

மண்டியில் சுவரோடு சாய்ந்து கிடந்த ஒரு பழைய சைக்கிளை முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அதற்கப்புறம்தான் என்னிடம் அந்தக் கேள்வி. எனக்குத் தெரியாததால், அவருக்குத் தெரிந்த தொழிலிலிருந்தே விடையை எடுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் வந்து அறிவித்தார்:

“பச்சைக்காயி அஞ்சு கிலோ காஞ்சா ஒரு கிலோ. சமதரை பச்சைக்காயி மாதிரி, மேடு காஞ்ச காயி. அப்ப அஞ்சுக்கு ஒண்ணு. அடிவாரத்து முந்தல்லருந்து மெட்டுக்கு ஏத்தம் பதினோரு மைலு. சமதரையில ஒரே நாள்ல அம்பத்தஞ்சு மைலு மிதிச்சுட்டேன்னா மலை ஏறுன மாதிரிதான்.”

இதில் எங்கே தப்பு இருக்கிறது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பெருக்கல் சரியாகத்தான் இருந்தது. அத்தை மட்டும், “மலை என்ன ஒங்க களத்துலயா காயுது?” என்றார். மண்டிக்காரர்களோ கணக்கைக் கேட்டுத் தலையாட்டினார்கள். அஞ்சுக்கு ஒண்ணு என்பது அவர்களுக்கு வேதவாக்கு.

முதல் வாரம் மாமா மைல் எதுவும் ஓட்டவில்லை, விழுந்தார். ஒரு நாள் எருமை மேல், ஒரு நாள் வைக்கோல் வண்டி மேல். எருமை நகரவில்லை என்று அதன் மீது குறை சொன்னார். இரண்டாவது வாரம் ஏறத் தெரிந்துகொண்டார், இறங்கத் தெரியவில்லை. வீட்டு வாசலுக்கு வந்ததும், “ஜக்கு, பிடி பிடி!” என்று கத்துவார். அத்தை விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்து கேரியரைப் பிடிப்பார். தெருவே அந்த நேரத்துக்கு வாசலில் வந்து நிற்கும்.

பங்குனியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். விடிகாலையில் இரண்டு மைல், மறுநாள் இரண்டரை, அப்புறம் மூன்று. ஞாயிற்றுக்கிழமை கோடாங்கிபட்டிவரை போய்த் திரும்பினார். எத்தனை மைல் என்று நாங்கள் கேட்டதில்லை. “பானையப் பாத்தாலே தெரியுது. எட்டு மைலுக்கு ஒரு படி அரிசி போகுது” என்பார் அத்தை. நடுவில் நான் பரீட்சை எழுதி முடித்தேன். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் மாமாவின் மைல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். சித்திரையில் தேனிக்குப் போய் வந்தார், இருபது மைல். பத்து நாள் கழித்து ஒரே நாளில் இரண்டு நடை. சித்திரைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை தேனிக்கு மூன்று நடை போய் வந்து, சைக்கிளை விட்டுத் தானாகவே இறங்கி நின்றார்.

“அறுபது! அஞ்சு மைலு கூடவே மிதிச்சுட்டேன்” என்றார். உட்கார முடியாமல் குப்புறப் படுத்துக்கொண்டு சோறு தின்றார்.

“ஒரு தடவ முந்தலுக்கு மேல போயிப் பாத்துட்டு வாங்களேன்” என்றார் அத்தை.

“எதுக்கு? அதான் கணக்கு முடிஞ்சிருச்சே.”

வைகாசி பத்தாம் தேதி கருக்கலில், நாலரை மணிக்கு, மாமா கிளம்பினார். புது வேட்டி சட்டையும் சீர்த் தட்டும் தோடும் எங்களோடு ஜீப்பில் வருவதாக ஏற்பாடு. ஒன்பதிலிருந்து பத்தரைவரை முகூர்த்தம். நானும் அத்தையும் கன்னையன் ஜீப்பில் ஏழு மணிக்குப் புறப்பட்டோம். அந்நேரம் மாமா மெட்டில் டீ குடித்துக்கொண்டிருப்பார் என்று நான் நினைத்தேன்.

மூன்றாவது வளைவில் அவர் இல்லை. கன்னையனே ஆச்சரியப்பட்டு ஆரன் அடித்தார். ஆறாவது வளைவில் பார்த்தோம். சைக்கிளை மிதிக்கவில்லை, தள்ளிக்கொண்டு போனார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

கன்னையன் ஜீப்பை மெதுவாக்கினார். “என்னண்ணே, வண்டியில போறேன்னீங்க. வண்டிதான உங்க கூட வருது?”

மாமா மூச்சு வாங்கினார். “ரெண்டாவது வளைவோட மிதி நின்னு போச்சுப்பா. மிதிச்சா முன் சக்கரம் மேல தூக்குது.”

“அஞ்சுக்கு ஒண்ணு என்ன ஆச்சு?”

“மலை இன்னும் பச்சையாத்தான் இருக்கு.”

ஜீப்பில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. இறங்கிப் பழைய சோற்று நீச்சத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தார். “ஏறிக்கங்க. சைக்கிள மேல கட்டிக்கலாம். வாந்தி வந்தா வரட்டும், நான் பிடிச்சுக்கிறேன்.”

“பிள்ளைய உக்கார வைக்கிற மடிடி இது. வாந்தி எடுத்துத் தலை சுத்தி, ரெண்டு பேரு தாங்கிப் பிடிக்க நான் போயி உக்காரவா? நீ போ. நான் வெரசா வர்றேன்.”

“நேரம்?”

“போன்னு சொல்றேன்ல.”

ஜீப் திரும்பும்போது பின்னால் பார்த்தேன். அவர் மறுபடி தள்ளத் தொடங்கியிருந்தார். கொஞ்சம் சமமாக இருந்த இடத்தில் ஒரு காலை வைத்து ஏறி நாலு மிதி மிதித்தார், மறுபடி இறங்கினார்.

நாங்கள் எட்டரைக்குத் தோட்டத்தில் இருந்தோம். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். பூப்பாறையிலிருந்து காது குத்தும் ஆசாரி வந்து உட்கார்ந்திருந்தார். அம்மா எங்கள் இருவரையும் பார்த்தாள், பிறகு எங்களுக்குப் பின்னால் பார்த்தாள்.

“வந்துக்கிட்டிருக்காரு வேலுத்தாயி” என்றார் அத்தை.

“எந்த வளைவுல?”

“ஆறத் தாண்டியாச்சு.”

ஆறு என்று கேட்டதும் அம்மாவின் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. 

ஒன்பதரைக்கு ஆசாரி தொண்டையைச் செருமினார். பிள்ளைக்குப் பசி என்று அம்மா தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். பத்து மணிக்கு மறுபடி பசி. பத்தே காலுக்கு மூன்றாவது தடவையாகப் பசி. பேச்சி வயிறு முட்டிப் போய்ப் பாலைத் தள்ளிவிட்டது.

“இனியும் பாலா? மதி, மதி. சமயம் கழியுது” என்று, போதும் என்பதை மலையாளத்தில் சொன்னார் ஆசாரி.

தவசி மாமா பலகையில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். “கொண்டா தாயி. பழகுன மடிதானே.”

அம்மா பிள்ளையை இறுக்கிக்கொண்டு நின்றாள். அப்பா, “வேலுத்தாயி, பெரியவுக எல்லாம் காத்துக்கிட்டிருக்காக” என்றார். அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள். அப்போதுதான் மேலே சாலையில் நாய்கள் குரைத்தன.

முதலில் புழுதி தெரிந்தது. அப்புறம் சரசரவென்று ஒரு சத்தம், காட்டையே பிடுங்கி இழுத்து வருகிற மாதிரி. புழுதிக்குள்ளிருந்து மாமா வந்தார். சைக்கிளுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு மரக்கொப்பு கயிற்றில் கட்டித் தரையில் இழுபட்டு வந்தது. மெட்டுக்கு வந்தபின்தான் இந்தப் பக்கம் இறக்கம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஏறுவதற்கு மூன்று மாதம் கணக்குப் போட்டவர், இறங்குவதற்கு ஒரு நிமிஷமும் போடவில்லை. பழைய சைக்கிளில் பிரேக்கு பேருக்குத்தான். செக்போஸ்ட் பக்கம் விறகு கட்டிக்கொண்டிருந்த ஒருவர், நாங்கள் இறங்கும்போது இப்படித்தான் செய்வோம் என்று ஒரு கொப்பை வெட்டிக் கட்டிவிட்டாராம். கொப்பு தரையில் உரசி வண்டியை ஓட விடாது.

கொப்பு இருந்தும் வண்டி பந்தலைத் தாண்டிப் போயிருக்கும். “ஜக்கு, பிடி பிடி!” என்று கத்தினார். அத்தை ஓடிப்போய்க் கேரியரைப் பிடித்தார்.

“அண்ணே, பத்து இருபது” என்றாள் அம்மா. 

ஒரு குடம் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொண்டு, புது வேட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார் மாமா. தவசி மாமா எழுந்து பலகையைத் துண்டால் துடைத்து, “வாங்கண்ணே. சூடாத்தான் வச்சிருக்கேன்” என்றார். மாமா உட்கார்ந்தார். கால்கள் நடுங்கின. அம்மா பேச்சியை மடியில் வைத்தாள். மடி ஆடிய ஆட்டத்தில் தூளி என்று நினைத்தோ என்னவோ, பிள்ளை தூங்கப் பார்த்தது. ஆசாரி ஊசியை எடுத்தார். பேச்சி வீரிட்டாள். மாமா அவளைவிடச் சத்தமாக அழுதார். அம்மா அவர் தலையில் இருந்த புழுதியைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே நின்றாள்.

அந்த ஆனி மாதமே அம்மா போடிக்கு வந்து அண்ணன் வீட்டில் மூன்று நாள் இருந்தாள்.

ஆனால் கடைவீதியில் கதை வேறு மாதிரி ஓடுகிறது. கன்னையன் அண்ணன்தான் கிளப்பிவிட்டார். சோலைமலை லோடு லாரியின் வாலைப் பிடித்துக்கொண்டு மலை ஏறினான் என்கிறார்கள். இன்னும் சிலர், பதினேழு வளைவையும் மிதித்தே ஏறினார் என்று மாமாவைப் பெருமைப்படுத்துவதாக நினைத்துச் சொல்கிறார்கள். இரண்டும் பொய். பாதிக்கு மேல் தள்ளிக்கொண்டுதான் போனார், அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. இதைப் படிக்கிறவர்கள் இன்னும் நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது தள்ளியதையும் விடாமல் சேர்த்துச் சொல்லுங்கள்.