உமிக்குவியலுக்கு முதுகைக் காட்டி

எழுபதுகளில் படாளத்தில் வாத்தியார் வேலை பார்த்தபோது, என் அறைக்குப் பின்னால் ஒரு ரைஸ் மில்லின் களம் இருந்தது. அங்கே நெல் காயவைக்கும் அம்மாள் ஒருவர், வெயிலில் வற்றிப்போன உடம்பு, தலையில் எப்போதும் ஈரத்துண்டு.

மத்தியானச் சோற்றுக்கு உமிக்குவியலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். கருவாட்டுத் தலையைப் பின்னால் போட்டுவிட்டுத் திரும்பியே பார்க்கமாட்டார். உமிக்குப் பின்னாலிருந்து தாய்ப்பூனை வரும். பிறகு, பயந்து பயந்து, குட்டிகள்.

"நாம பாத்துகினு இருந்தா வராது சார்" என்றார்.

மழைக்காலத்துக்குள் குட்டிகள் அவர் மடியில் தூங்கின.

நெல்லில் அசிங்கம் செய்கின்றன என்று ஒருநாள் மில் மேஸ்திரி கோணிப்பையோடு வந்தார். அவர் துரத்தவே வேண்டியிருக்கவில்லை. கையை நீட்டியதும் குட்டிகள் தாமாகவே அவரிடம் போயின. தாய் மட்டும் பதுங்கித் தப்பியது. குட்டிகளை எங்கே விட்டார் என்று மேஸ்திரி சொல்லவில்லை.

தாய் மறுபடி குட்டி போட்டது. அம்மாள் வழக்கம்போலக் கருவாட்டைப் போட்டார். ஆனால் புதுக்குட்டிகள் எட்டிப் பார்த்ததும் நெல் தள்ளும் கட்டையால் தரையில் ஓங்கித் தட்டினார். அவை சிதறி ஓடின. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏம்மா, தின்னத்தானே வந்தது?"

"நான் அப்பால போனா வந்து துன்னும் சார். மனுசனக் கண்டா ஓடணும். அதுங்களப் பழக்கி வுட்டது நான்தானே?"

தாய்ப்பூனை மட்டும் ஓடவில்லை. அவர் காலை உரசிக்கொண்டு நின்றது. அதையும் விரட்டக் கட்டையைத் தூக்கினார், தரையில் தட்டினார். இந்த முறை சத்தமே வரவில்லை.