மூன்று பேரில் நான் மட்டும் நிரந்தரம்

உர மூடைகளின் வாயைத் தைப்பதுதான் எனது வேலை. துறைமுகத்தில் கப்பல் இறக்கும் உரம் லொறியில் எங்கள் களஞ்சியத்துக்கு வரும். நிறுத்து மூடையில் கொட்டியதும் அது ஓடும் பட்டியில் நகர்ந்து எங்களிடம் வரும். மேலே தொங்கும் மெசினை இழுத்து வாயைத் தைத்துவிட வேண்டும். மூன்று மெசின், மூன்று பெண்கள். நடுவில் நான். ஒரு பக்கம் கிண்ணியாவிலிருந்து வரும் ராத்தா. என்னைவிட மூத்தவர், அதனால் அப்படித்தான் கூப்பிடுவேன். மறுபக்கம் கந்தளாயிலிருந்து வரும் தங்கச்சி, புதிதாகக் கலியாணமானவள். மெசின் இரைச்சலில் கதைக்க ஏலாது. ராத்தா புருவத்தால் கதைப்பார். மேற்பார்வையாளர் வருகிறார் என்றால் ஒரு புருவம் ஏறும். சாப்பாட்டு நேரம் என்றால் இரண்டும்.

மூவரும் மேன்பவர் ஆட்கள். சம்பளம் தருவது ஆள் அனுப்பும் ஒரு நிறுவனம், வேலை வாங்குவது கம்பனி. பல வருடங்கள் அப்படியே போயின. நிரந்தர ஊழியர்களுக்கு மின்விசிறி போட்ட சாப்பாட்டு அறை. நாங்கள் லொறிகள் நிற்கும் கொட்டகையில் பார்சலைப் பிரிப்போம். எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. ராத்தாவின் மீன் பொரியலும் தங்கச்சியின் சிரிப்பும் அங்கேதான் இருந்தன. பாலையூற்றில் என் வாடகை அறையில் ஒருவரும் இல்லை. அம்மா போன பிறகு அங்கே படுக்கத்தான் போவேன்.

பிறகு உரக் கப்பல் வராமல் போன காலம் வந்தது. நிரந்தர ஊழியர்களை வீட்டில் இருக்கச் சொல்லிச் சம்பளம் கொடுத்தார்கள். எங்களை வரவேண்டாம் என்றார்கள், அவ்வளவுதான். கப்பல் திரும்ப வந்ததும் கூப்பிட்டார்கள், ஆனால் புது ஆட்களாக. செய்த வருடங்கள் எல்லாம் இல்லாமல் போயின.

ராத்தாதான் முதலில் சொன்னார்: "இது சரியில்ல புள்ள. தொழில் கந்தோர்ல போய்க் கேப்பம். நாம இந்தக் கம்பனிட ஆக்களா இல்லையா எண்டு."

தொழில் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டோம். அடுத்த கிழமை வாசலில் காவலாளி மறித்தார். "உங்கட பாஸ் இனிச் செல்லாதாம் அக்கா. என்னை ஏசாதேங்கோ." கம்பனியிடம் கேட்டால், நீங்கள் எங்கள் ஆட்கள் இல்லை என்றார்கள். ஆள் அனுப்பும் நிறுவனம் இப்போது இடமில்லை என்றது. மூவருமாகத் தொழில் நியாயசபையில் வழக்குப் போட்டோம்.

முதல் விசாரணைத் தவணைக்கு மூவரும் ஒரே மர வாங்கில் ஒட்டிக்கொண்டு இருந்தோம். கம்பனியின் சட்டத்தரணி கொழும்பிலிருந்து வரவில்லை, தவணை தள்ளிப் போயிற்று. அடுத்ததும் அப்படித்தான். இதற்குள் தங்கச்சிக்குப் பிள்ளை தங்கியது. பஸ்ஸில் அலைய வேண்டாம் என்று புருசன் மறித்துவிட்டான். போனில் அழுதாள். பிறகு போனையும் எடுக்கவில்லை. ராத்தாவின் புருசனுக்கு இடுப்பு வருத்தம், கடலுக்குப் போவதை விட்டு நாளாயிற்று. வழக்கை விட்டால் மகனுக்கு ஒரு ஹோட்டலில் வேலை என்று ஆள் அனுப்பும் நிறுவனம் பேசியது. ராத்தா வழக்கை விட்டார். எனக்குச் சொல்லவில்லை. சபையில் பெயரைக் கூப்பிட்டபோது, அவர் விலகிவிட்டார் என்று யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதன்பிறகு வாங்கில் நான் மட்டும் இருந்தேன்.

அந்த நாட்களில் உப்புவெளியில் ஒரு விடுதியில் படுக்கை விரிப்புகள் துவைத்தேன். பஸ்ஸில் களஞ்சியத்துப் பெண்களைக் காண்பேன். முன்பு எனக்கு இடம் பிடித்து வைத்தவர்கள் யன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். என்னோடு கதைத்தால் தங்கள் வேலையும் போய்விடும் என்ற பயம். எனக்கு அது விளங்கியது. விளங்கினாலும் வலித்தது. தேவாலயத்தில் ஞாயிறு பூசையில் சமாதானம் சொல்லும் நேரம் பக்கத்தில் நிற்பவர் திரும்பிக் கை கூப்புவார். சில கிழமைகளில் ஒரு மனுசர் என் முகத்தை நேரே பார்த்தது அந்த நேரம் மட்டும்தான்.

கடைசியில் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். கம்பனியின் சட்டத்தரணி மரியாதையாகத்தான் கேட்டார்.

"உங்களை வேலைக்கு எடுத்தது ஆர்?"

"மேன்பவர்காரர் ஒருத்தர். மோட்டார் சைக்கிள்ல வந்தவர். பிறகு நான் அவரைக் காணேல்லை."

"அப்ப உங்கட முதலாளி அவர்தானே?"

"தெரியாது ஐயா. நான் லீவு கேட்டது கம்பனி மேற்பார்வையாளரிட்ட. பிந்தி வந்தா ஏசினதும் அவர்தான். கையில ஊசி ஏறின நேரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது கம்பனி வான்."

சொல்லி முடித்ததும் திரும்பிப் பார்த்தேன். வாங்கில் யாரோ தெரியாத ஒரு கிழவர் தன் தவணைக்காகக் காத்திருந்தார்.

நான் கம்பனியின் ஊழியர்தான், என்னை நிரந்தரமாகத் திரும்ப எடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கம்பனி மேன்முறையீட்டுக்குப் போகவில்லை. ஒருத்திதானே என்று நினைத்திருக்கலாம்.

திரும்பிப் போன அன்று மேற்பார்வையாளர் சொன்னார்: "உங்களுக்குச் சுகமான வேலை ஒண்டு தந்திருக்கு." ஸ்டோர் அறையில் ஒரு கதிரை. சிறிய யன்னலால் கையுறையும் முகமூடியும் எடுத்துக் கொடுக்க வேண்டும். தையல் மெசின்களில் புது மேன்பவர் பெண்கள். நான் கொட்டகைப் பக்கம் போனால் அவர்களின் கதை நின்றுவிடும். மின்விசிறி அறையில் நிரந்தர ஊழியர்கள் எனக்கு நகர்ந்து இடம் விட்டார்கள். தேவைக்கு மேலேயே நகர்ந்தார்கள். பெரிய மேசையில் என் சாப்பாட்டைச் சுற்றி வெறும் பலகை. மெசின் இரைச்சலை நான் அப்படித் தேடுவேன் என்று நினைத்திருக்கவில்லை.

ஒரு விடுமுறை நாளில் கிண்ணியாவுக்கு பஸ் ஏறினேன். ராத்தாதான் கதவைத் திறந்தார்.

"உள்ளுக்கு வா புள்ள. மெலிஞ்சு போயிட்டாய்."

"வழக்கு வெண்டிட்டன் ராத்தா."

"மகன் சொன்னான்." தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். "நான் விலகின பொறகு டவுனுக்கே வாற இல்ல. மருந்தெடுக்கவும் மகனத்தான் அனுப்புற. ஒன்னக் கண்டிருவேனோ எண்டு பயம்."

"நான் கோவிக்கேல்லையே."

"அதுதானே. நீ ஏசியிருந்தா அடுத்த பஸ்ல வந்து ஒன்ட கையப் புடிச்சிருப்பன்."

இத்தனை காலமும் தனித்துப் போனது நான்தான் என்று நினைத்திருந்தேன். அவரும் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டாமல் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறார். நகரத்திலிருந்து ஒரு பஸ் தூரம்.

பிறகு மெதுவாகக் கேட்டார்: "நான் இப்ப திரும்பக் கேட்டா எடுப்பாங்களா?"

நான் அதை ஏற்கெனவே விசாரித்திருந்தேன். "ஏலாதாம் ராத்தா. விலகினது விலகினதுதானாம்."

தலையாட்டினார். கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். நெடுநேரம் வரவில்லை. பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு கோப்பை கழுவ அவ்வளவு தண்ணீர் வேண்டியதில்லை. நானும் எழும்பிப் போய்ப் பக்கத்தில் நின்றேன். காலையில் கழுவி வைத்திருந்த கோப்பைகளையும் இறக்கித் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் தந்ததை ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்து அடுக்கினேன்.

பின்னேர பஸ்ஸில் பாலையூற்றுக்கு வந்து சேர்ந்தேன்.