முன்பணம் கேட்காத வீடும் பாட்டைப் பறித்த ஊரும்

ஓராண்டு நினைவுக்கு வந்து, சாப்பிட்டு, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிக்கொண்டு போகும் உற்றார் உறவினருக்கு வணக்கம். எங்கள் நைனாவை, அதாவது அப்பாவைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதச் சொன்னார்கள். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நீங்களும் கூடவே வந்து நிற்கிறீர்கள். நான் என்ன செய்ய?

நைனா பழவேற்காட்டு ஏரிக்கரையில், எங்கள் குப்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் தாயை இழந்து அண்ணன் வீட்டுக் கஞ்சியில் வளர்ந்தார். அந்தக் கஞ்சியைப் பெரியப்பா கடைசிவரை சொல்லிக் காட்டினார். ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்று ஊர் கூடி முறை வைக்கும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு இல்லாதவனுக்கு ஏரியில் இடமில்லை.

ஒரு புயலில் எங்கள் ஓலைக்கூரை பறந்தது. கைக்குழந்தையாக இருந்த என் தம்பி நனைந்து, ஜன்னி கண்டு, போய்விட்டான். அதன் பிறகு ஒருநாள் ஜீப்பில் வந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கிராமத்தில் வீடு கட்ட அரசே பொறுப்பேற்றுக் கடன் தருமாம். முன்பணம் ஒரு பைசா வேண்டாம், மனைக்குப் பட்டா இருந்தால் போதுமாம். நைனா பொன்னேரி தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, குடிசை நின்ற இடத்துக்குப் பட்டா வாங்கினார். மீன் நாற்றம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டே கையெழுத்துப் போட்டாராம் அங்கிருந்த அதிகாரி. பெரிய மகராசன்!

குப்பத்து மணல் ஊருக்குப் பொது. தனியாளுக்குப் பட்டா வழக்கத்தில் இல்லை. கோயில் வாசலில் ஊர் கூடியது. தலைவர் வேறு யார், பெரியப்பாதான்.

“ஊர் மண்ண உம்பேர்ல எழுதிக்கினியாமே, இன்னா தைரியம்டா உனுக்கு?”

“புள்ளைய வாரிக் குட்த்தவன்ணா நானு. நிக்கிற மாதிரி ஒரு வூடு, வேற இன்னா கேட்டேன்?”

“அப்டின்னா வூட்டையே வச்சிக்க. பாடு கெடையாது.”

என் தம்பிக்குக் குழி தோண்டியவர்கள்கூட மணலைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தூ!

வீடு எழும்பியது. நைனா பழவேற்காட்டில் பாய் ஒருவரின் இறால் கொட்டகையில் ஐஸ் உடைத்துத் தவணை கட்டினார். அவர் கையில் புண் ஆறியதே இல்லை. தம் முறை வரும் நாளில் மட்டும் கரைக்குப் போய், தம் இடத்தில் அடுத்தவர் வலை கட்டுவதைப் பார்த்துவிட்டு வருவார். அன்று சரியாகச் சாப்பிடமாட்டார்.

சில ஆண்டுகளில் பெரியப்பாவுக்கும் கான்கிரீட் வீட்டு ஆசை வந்தது. வழக்கமாவது, பொது மண்ணாவது! பக்கத்து மனைக்காரர் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துத் தர வேண்டும் என்றார்கள் அலுவலகத்தில். பக்கத்து மனைக்காரர் நைனா. வாழைப்பழச் சீப்போடு வந்து நின்றார் பெரியப்பா.

“தம்பி, ஒரே ஒரு கையெழுத்துபா.”

“மொதல்ல பாட்ட குடுக்கச் சொல்லுங்க” என்றார் அம்மா, உள்ளேயிருந்து.

“அதுக்கு ஊர் கூடணுமேம்மா” என்றார் பெரியப்பா, கொஞ்சமும் கூசாமல்.

நைனா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் ஆத்திரத்தில் குதித்தேன். “அவுங்க வூட்லயும் புள்ளைங்க கீதுங்கமா” என்றார், அவ்வளவுதான்.

பிறகு ஊரே பட்டா வாங்கியது, ஊரே கடன் வாங்கியது. யார் பாடும் போகவில்லை. நைனாவின் பாட்டைப் பற்றிப் பேச மட்டும் ஊருக்கு நேரம் கிடைக்கவில்லை.

சென்ற ஆண்டு நெஞ்சு நோயில் விழுந்தார். வெளியே மழை கொட்டியது, உள்ளே ஒரு சொட்டு ஒழுகவில்லை. “இன்னிக்கி யார் பாடு?” என்று கேட்டார். அதன் பிறகு அவர் பேசவில்லை.

கருமாதியன்று, எங்கள் கூடத்தில் எழுந்தருளிப் பெரியப்பா அறிவித்தார், தம்பியின் பாட்டை அவன் குடும்பத்துக்கே ஊர் திருப்பித் தருகிறது என்று. தலையாட்ட ஆளுக்கா பஞ்சம்!

வேலை கொடுத்து, கடைசியில் பாடைக்குத் தோளும் கொடுத்த பாய்க்கு எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. கூடவே இருந்து பார்த்துக்கொண்ட அம்மாவுக்கு நன்றி சொல்லி முடியாது.

ஊருக்கும் பெரியப்பாவுக்கும் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. அந்தப் பாடு எங்களுக்கு வேண்டாம். நீங்கள் கையெழுத்துக் கேட்டு வந்தபோது, நைனா ஊரைக் கூட்டச் சொல்லவில்லை.