தோல் உப்பில் இறுகிய பிஸ்கோத்து மாவு

அறுபதுகளின் தொடக்கம், கத்திரி வெயில். ஆம்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பாயின் பேக்கரியில் நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து மட்டும் பார்த்தவன் நான். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள். படிப்பு இல்லையே தவிர, திமிருக்கு ஒரு குறையும் இல்லை.

தோல் பதனிடும் ஷாப்பு முதலாளி ஒருவர் வீட்டில் பெண்ணுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் பெங்களூரிலிருந்து வருகிறார்கள். எட்டு டின் நெய் பிஸ்கோத்து எங்கள் பொறுப்பு. அந்த வெயிலில் நெய் மாவு கையிலேயே உருகும். அடுப்பில் வைத்தால் அப்பளமாகப் பரந்துவிடும். அதனால் முதல் நாளே மாவைத் தகரப் பெட்டியில் போட்டு, ஐஸ் கட்டிக்கு நடுவே புதைத்து வைக்கச் சொன்னார் பாய். நான் அதோடு விட்டேனா? ஐஸ்கிரீம்காரர் ஐஸில் உப்புப் போட்டு இறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். என் மச்சான் வேலை செய்த தோல் ஷாப்பில், அழுகாமலிருக்கப் பச்சைத் தோலில் போட்டு, பிறகு தட்டி எடுத்த உப்பு குவியலாகக் கிடக்கும். ஒரு கோணி நிறைய அள்ளி வந்து ஐஸ் மேல் கொட்டினேன். உப்பு எங்கே கிடந்தாலும் உப்புதானே என்று நினைப்பு.

மறுநாள் காலையில் மாவு பாறாங்கல்லாக இருந்தது. வெட்டப் போனால் கத்திதான் வளைந்தது.

எங்கள் அடுப்புக்காரர் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. குடியாத்தத்தில் அவர் இருந்த பேக்கரியை மூடிவிட்டார்கள். கைக்குழந்தையோடு வீட்டில் நான்கு பேர் அவரை நம்பியிருந்தார்கள்.

"அண்ணே, அவசரப்படாதீங்க. வெரல் அமுந்துற வரைக்கும் வெளிய வெச்சிருக்கலாம். இப்பவே வெச்சா மேல கருகும், நடுவுல பச்சையா நிக்கும்" என்றார்.

"நேத்து வந்தவன் எனக்குச் சொல்லித் தர்றியா? உருகிடும்யா. வைய்யா உள்ள!"

வைத்தார். மேலே கரி, உள்ளே களி. அவர் சொன்னபடியே ஆனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "தீய ஜாஸ்தி பண்ணிட்ட" என்று அவர்மேலேயே கத்தினேன்.

அவர் மிச்ச மாவு இளகும்வரை காத்திருந்தார். தணலை ஓரமாக ஒதுக்கினார். நிதானமாகச் சுட்டு எடுத்தார். ஒன்றுகூடப் பரவவில்லை, வெடிக்கவில்லை. நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒன்றை எடுத்து மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"அண்ணே, தோல் நாத்தம் வருதுண்ணே. இத அனுப்பாதீங்க."

நான் மோந்தேன். ஏலக்காய் வாசனைதான் வந்தது. பாய் மோந்தார், பன் வாங்க வந்தவரும் மோந்தார். ஒன்றும் இல்லை. எனக்குத் தலைக்கேறியது.

"பாய், இவன் முதல் தட்டைக் கருக்குனான். இப்ப ஆர்டரையே கெடுக்கப் பாக்கறான். இவன் இருக்கணுமா, நான் இருக்கணுமா?"

பழைய ஆள் என்று பாய் என் பக்கம் நின்றார். அடுப்புக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

மதியத்துக்குள் எட்டு டின்னும் திரும்பி வந்துவிட்டன. "செருப்ப இடிச்சு மாவு பிசைஞ்சீங்களா?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டாராம்.

"ஆம்பூர்ல எவனுக்கும் தெரியாத நாத்தம், பெங்களூர்க்காரனுக்கு மட்டும் இன்னா?" என்று குதித்த பாய், ஒரு டின்னோடு ஸ்டேஷனுக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன். மெட்ராஸ் ரயிலிலிருந்து இறங்கிய ஒருவரிடம் ஒன்றை நீட்டினார். அவர் வாய்வரை கொண்டுபோய்விட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார். "இன்னா பாய், செத்த மாடா?"

திரும்பி வந்து ஐஸ் தொட்டியைத் திறந்தோம். உப்புத் தண்ணீர் பெட்டி மூடி வழியாக உள்ளே இறங்கியிருந்தது. அதில் மாட்டு முடி மிதந்தது. உப்பு எங்கிருந்து வந்தது என்று பாயிடம் ஒப்புக்கொண்டேன். பிறந்தது முதல் தோல் நாற்றத்தில் வளர்ந்த எங்கள் மூக்கு அதை எப்போதோ மறந்துவிட்டிருந்தது. பத்து நாள் ஆளுக்குத்தான் தெரிந்திருக்கிறது.

பாய் ஓங்கிய கையை இறக்கினார். "உன்ன அடிச்சா என் கை நாறும். போய் அந்த ஆளக் கூட்டிட்டு வா."

மறுநாள் குடியாத்தம் போனேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் வாசலுக்கு வந்தார்.

"தப்பு என்னுதுதான்யா. பாய் கூப்பிடறாரு, வா."

"நீ அங்க இருப்பியா?"

"இருப்பேன்."

"அப்ப வர்ல. மூக்கு செத்தவன்கூட வேல செய்யலாம். அடுத்தவன் மூக்கையும் பொய்யின்னு சொல்றவன்கூட முடியாது."

நேற்று வரை அண்ணே என்றவர். நான் ஒழிந்தால் அவர் வருவார், அவ்வளவுதான் விஷயம். ஆனால் பாயிடம், "வரமாட்டேன்னுட்டாரு" என்று பாதியை மட்டும் சொல்லிவிட்டு மாவு பிசைய உட்கார்ந்துவிட்டேன்.

வாழ்க்கையில் எத்தனையோ பேர்மேல் கோபப்பட்டிருக்கிறேன், எல்லாம் ஆறிவிட்டது. பாயிடம் பாதியைச் சொல்லாமல் விழுங்கிய அந்த ஆள்மேல் வந்த கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை. என்ன செய்வது, தினமும் அவனோடுதான் நான் சாப்பிட உட்கார வேண்டியிருக்கிறது.