ஆரியசாலையில் எஸ்பெராண்டோ

எதைச் சொன்னாலும் "அதனால என்ன லாபம்?" என்று கேட்கிற தெருவில் என் காலம் கழிந்திருக்கிறது. எஸ்பெராண்டோ என்கிற மொழியைப் படித்து என்ன லாபம் என்று என்னைக் கேட்காதவர்கள் ஆரியசாலையில் இல்லை. நான் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன். பேசாமல் இருப்பது எனக்கு எளிது. இப்போது யுத்தம் வந்து, கடல் தாண்டி வருகிற தபால் நின்றுபோய்விட்டது. சாயங்காலங்கள் கையில் மிஞ்சுகின்றன. அன்று சொல்லாத பதிலை இன்று எழுதிப் பார்க்கிறேன்.

நான் நாலாம் வகுப்புவரை படித்தவன். நாஞ்சில் நாட்டிலிருந்து மலையாளம் பேசுகிற இந்தத் தலைநகருக்கு வந்து, ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகு, சுக்கு மொத்தக் கடை ஒன்றில் சேர்ந்தேன். கடையில் எனக்கு இரண்டு வேலைகள். கப்பலுக்குப் போகும் மூட்டைகளின்மேல் எழுத்து வெட்டிய தகரத் தகட்டை வைத்து, கறுப்பு மசி தடவி மார்க்கு போடுவது ஒன்று. அதனால் இங்கிலீஷ் தெரியாமலே இங்கிலீஷ் எழுத்துகள் அத்தனையும் எனக்குத் தெரிந்திருந்தன. இன்னொன்று விலை பேசுவது. எங்கள் தெருவில் விலையை வாயால் சொல்வதில்லை. விற்கிறவரும் வாங்குகிறவரும் கைகளை ஒரு துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே விரல்களைப் பிடித்தும் அழுத்தியும் கேட்டுக்கொள்வார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. திருநெல்வேலிக்காரர், கொல்லத்துத் தரகர், குஜராத்திச் சேட்டு எல்லோருக்கும் அந்த விரல்மொழி பொது. முதலாளி அந்த வேலையை என்னிடம் விட்டது என் சாமர்த்தியத்துக்காக அல்ல. என் முகத்தில் ஒன்றும் தெரியாது என்பதற்காக. துண்டுக்கு அடியில் நான் யாருக்கும் பயந்ததில்லை. துண்டை எடுத்துவிட்டால், "சுகமா?" என்று கேட்பவருக்குக்கூட எனக்குப் பதில் வராது.

பிறவியிலேயே அப்படி என்று சொல்லமாட்டேன். இந்த ஊரில் மலையாளம் பேசினால், தமிழ்வாடை அடிக்கிற பாண்டிக்காரன் பேச்சு என்று சிரிப்பார்கள். கல்யாணத்துக்கு நாகர்கோவில் போனால், மலையாளம் கலந்த என் தமிழைக் கேட்டு, "மலையாளத்தான் வந்துட்டான்" என்று பந்தியில் சிரிப்பார்கள். இங்கிலீஷ் பெரிய மனிதர்களுடையது. எந்த மொழியில் வாயைத் திறந்தாலும் அது வேறொருவர் வீட்டு வாசலில் செருப்போடு நிற்பதுபோல எனக்கு இருந்தது. அதனால் வாயைத் திறப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தேன்.

பொட்டலம் கட்டக் கடைக்குப் பழைய காகிதம் நிறுத்து வாங்குவோம். ஒருநாள் அந்தக் கட்டுக்குள் பச்சை அட்டை போட்ட மெல்லிய புத்தகம் ஒன்று இருந்தது. அட்டையில் ஒரு நட்சத்திரம். எழுத்துகள் நான் சாக்கில் போடுகிற எழுத்துகள்தான். ஆனால் சில எழுத்துகளின் தலையில் சின்னத் தொப்பி வைத்திருந்தது. கடைக்கு இங்கிலீஷ் கடிதம் எழுத வாரம் இரண்டுமுறை வருகிற குமாஸ்தாவிடம் காட்டினேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது எந்த ஊர்ப் பாஷையும் இல்ல வே. எல்லாத் தேசத்துக்காரனும் பேசிக்கிடட்டும்னு ஒருத்தரு இருந்து உண்டாக்கின பாஷையாம். படிக்கதுன்னா இங்கிலீஷப் படியும். அதுக்காவது ஒரு ஆபீஸ்ல நாற்காலி கெடைக்கும்."

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் "எந்த ஊர்ப் பாஷையும் இல்ல" என்று அவர் இளக்காரமாகச் சொன்ன சொல் என் காதில் இனிப்பாக விழுந்தது. யாருடைய வீடும் அல்லாத ஒரு வீடு. அங்கே என்னைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் உரிமை இல்லை.

புத்தகத்தின் விளக்கங்கள் இங்கிலீஷில் இருந்தன. மத்தியான ஓய்வில் குமாஸ்தா அவற்றைத் தமிழில் சொல்வார். கேலி செய்துகொண்டேதான் சொன்னார், ஆனால் தப்பில்லாமல் சொன்னார். மொத்தம் பதினாறு விதிகள். ஓர் எழுத்துக்கு ஒரே ஓசை. எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கலாம். ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டால் அதன் முன்னே ஒரு சின்ன அசையைச் சேர்த்து எதிர்ச்சொல்லையும் செய்துகொள்ளலாம். என்னைப்போல மனசில் சின்னப் பெட்டி வைத்திருப்பவனுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று படித்தவர்களுக்குத் தெரியாது. மூன்று மாதத்தில் வாக்கியம் அமைத்தேன். ஒரு வருஷத்துக்குள் கடிதம் எழுதினேன். பதினைந்து வருஷம் இங்கிலீஷ் மூட்டைகளுக்கு நடுவில் இருந்தும் நான் ஓர் இங்கிலீஷ் வரி எழுதியதில்லை.

அந்த நாட்களை நினைத்தால் மத்தியான வெளிச்சம்தான் முதலில் வருகிறது. சரக்கு அடுக்குகிற கிட்டங்கியின் கூரையில் ஓரிடத்தில் ஓட்டுக்குப் பதில் கண்ணாடி பதித்திருந்தது. அதன் வழியே இறங்குகிற வெயிலில் மிளகுத் தூசி மெல்லச் சுழலும். நான் மூட்டைகளின்மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு, புதிய சொற்களை ஒவ்வொன்றாக அந்த வெளிச்சத்தில் விடுவேன். அவை கீழே விழாமல் மிதப்பதுபோல இருக்கும். கடல் என்பேன், பனி என்பேன், நண்பன் என்பேன். பனியை நான் பார்த்ததில்லை. நண்பன் என்று சொல்லிக்கொள்ளவும் எனக்கு யாரும் இருந்ததில்லை.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு பத்திரிகையின் விலாசம் இருந்தது. அதற்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன். கடித நண்பர் தேடுகிறவர்களின் வரிசையில் என் விலாசத்தை அச்சிட்டார்கள். நாலு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு சரக்குக் கப்பலின் சமையல்காரர். பால்டிக் கடலோரத்துச் சிறிய நாடு ஒன்றைச் சேர்ந்தவர். அவருடைய மொழி அந்த நாட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாதாம். எங்கள் கடையின் மார்க்கு போட்ட மிளகு மூட்டை ஒன்று ஒரு துறைமுகத்தில் தன் கண்ணில் பட்டது என்று பின்னால் ஒருமுறை எழுதியிருந்தார். உண்மையோ, என்னைச் சந்தோஷப்படுத்த எழுதியதோ, நான் கேட்கவில்லை.

எட்டு வருஷம் எழுதிக்கொண்டோம். கயிறுகள் கண்ணாடிபோல உறைந்துவிடும் குளிர்காலத்தைப் பற்றி அவர் எழுதினார். சுவாமி கடலில் நீராடுகிற ஆறாட்டு நாளில் மகாராஜா வாளேந்திச் சங்குமுகம் கடற்கரைக்கு நடந்துபோவதைப் பற்றி நான் எழுதினேன். குமாஸ்தாவின் மீசையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். கடவுள் உண்டா என்று அவரோடு சண்டை போட்டேன். தமாஷ் சொன்னேன். கடிதத்தில் எனக்கு வாய் இருந்தது. நான் தப்பாக எழுதினால் அவரும் வேறிடத்தில் தப்பாக எழுதுவார். பிறக்கும்போதே அந்த மொழியோடு பிறந்தவர்கள் எங்களுக்குள் யாரும் இல்லையே. இரண்டு பேரும் கற்றுக்கொண்டவர்கள்தான். லாபம் என்ன என்று கேட்டவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம் அந்தக் கடிதம் வந்தது. எங்கள் ஊர்த் தம்பானூருக்கு ரயில் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அவர் கப்பல் தூத்துக்குடியில் சரக்கு ஏற்ற நிற்கப்போகிறது, அவருக்கு லீவு கிடைக்கும், தென்காசி வழியாக ரயிலேறி என்னைப் பார்க்க வருகிறார். "நாம் பேசிக்கொண்டே இருக்கவேண்டும்" என்று எழுதியிருந்தார். "உங்கள் கடிதத்தை வாசிக்கும்போது என் அடுப்படி முழுக்க உங்கள் சத்தமாக இருக்கிறது."

அவர் பார்க்க வருகிற மனிதன் இங்கே இல்லை. சத்தமாகப் பேசுகிற, சிரிக்கிற, சண்டை போடுகிற அவன் காகிதத்தில் மட்டும் இருப்பவன். என் ஊமை முகத்தைப் பார்த்துவிட்டுப் போனால், எட்டு வருஷக் கடிதமும் அவருக்குப் பொய்யாகிவிடும். என் ஒரே நண்பரை நேரில் பார்த்தே இழந்துவிடுவேன் என்று தோன்றியது. காய்ச்சல் என்று தந்தி கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். அதை வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை வைத்துவிட்டு, "அவரு என்ன வேல பாக்காரு?" என்று கேட்டாள். சமையல் என்றேன்.

"சமைக்கத் தெரிஞ்ச ஆம்பிளையா? அப்ப வரட்டும்" என்றாள். முறத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "கடல் தாண்டி ஒருத்தரு ஒங்க பேச்சக் கேக்க வாறாரு. இந்த வீட்டுல பதினஞ்சு வருசமா நான் அதக் கேட்டதில்ல. தந்தி கிந்தி குடுத்துராதிய. நானும் கேட்டுக்கிடுதேன்."

தந்தி கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாகச் சாயங்காலங்களில் சங்குமுகத்துக்கு நடந்தேன். அதுவரை அந்த மொழியை நான் சத்தமாகச் சொன்னதில்லை. அலைகளைப் பார்த்து நின்று, "வாருங்கள் நண்பரே, பிரயாணம் சுகமா?" என்று சொல்லிப் பார்ப்பேன். அலை என் சொல்லை இழுத்துக்கொண்டுபோய் எங்கோ கரைத்துவிட்டு, வெறும் நுரையாகத் திரும்பி வரும். வலை காயவைத்துக்கொண்டிருந்த ஒருவர், "ஜபமாணோ அண்ணாச்சி?" என்று கேட்டார். தலையாட்டினேன். அது பொய் என்று தோன்றவில்லை.

அவர் வருகிற அன்று தம்பானூர் ஸ்டேஷனில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். மூன்றாம் வகுப்புப் பெட்டியிலிருந்து உயரமான, சிவந்த முகமுள்ள ஒருவர் குனிந்து இறங்கினார். கோட்டில், என் புத்தக அட்டையில் இருந்ததுபோல, பச்சை நட்சத்திரம். என் கடிதங்களில் ஒன்றைக் கையில் பிடித்து ஆட்டிக்கொண்டு, என் கக்கத்தில் இருந்த பச்சைப் புத்தகத்தால் என்னைக் கண்டுபிடித்து, பிளாட்பாரம் திரும்பிப் பார்க்கும்படி பேசிக்கொண்டே வந்தார். மலையில் ரயில் குகைக்குள் போனதை, அருவி தெரிந்ததை, எதிரே இருந்தவர் பலாச்சுளை கொடுத்ததைச் சொன்னார். ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது. உலகத்தில் நான் ஒருவன் மட்டும் முணுமுணுத்த ஓசைகள் இன்னொருவர் வாயிலிருந்து அப்படியே வந்துகொண்டிருந்தன. கனவில் கண்ட வீட்டுக்குள் விழித்த கண்ணோடு நடப்பதுபோல இருந்தது. ஆனால் என் வாய் திறக்கவில்லை. ஒத்திகை பார்த்த வரி எங்கே போனதோ தெரியவில்லை. அவர் பேச்சை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு சந்தேகம் வந்தது. அதற்குத்தான் நான் பயந்திருந்தேன். அவர் கையை நீட்டினார்.

என் கை அதற்குப் பழகிய வேலையைச் செய்துவிட்டது. நீட்டிய கையைப் பிடித்து, தோளிலிருந்த துண்டை எடுத்து, இரண்டு கைகளையும் மூடிவிட்டேன்.

"கண்டோ, அண்ணாச்சி சாயிப்பினு வில பறயுந்நு" என்று ஒரு போர்ட்டர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். வெள்ளைக்காரருக்கே நான் விலை பேசுகிறேனாம். அவருக்கு அது தெரியாது. எங்கள் நாட்டு மரியாதை அது என்று நினைத்து, தலையைக் குனிந்துகொண்டு அசையாமல் நின்றார். துண்டுக்கு அடியில் சொல்ல என்னிடம் விலை ஒன்றும் இல்லை. என் விரல்கள் சும்மா அவர் கையைப் படித்தன. உள்ளங்கை தடித்திருந்தது. மணிக்கட்டிலிருந்து மேலே நீளமாக ஒரு தழும்பு ஓடியது.

"இது எண்ணெய் பட்டதா, வெந்நீரா?" என்று கேட்டேன்.

கேட்டது நான்தான் என்று எனக்கே தெரிய ஒரு நொடி ஆயிற்று. நான் அந்த மொழியில் ஒரு மனிதரிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

"எண்ணெய்" என்றார் அவர். அவர் குரலும் தாழ்ந்திருந்தது. "புயலில் சட்டி கவிழ்ந்தது. உங்களுக்கு நான் அதை எழுதவில்லை."

ஸ்டேஷன் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் அந்தப் புயலை முழுவதும் சொன்னார். நான் இடையிடையே கேள்வி கேட்டேன்.

வீட்டில் அவர் தரையில் சம்மணம் போட முயன்று, முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டார். மனைவி கதவோரம் நின்றாள். மாலையில் குமாஸ்தா பார்க்க வந்து, அவரிடம் நல்ல இங்கிலீஷில் நாலைந்து வாக்கியம் பேசினார். நண்பர் சிரித்துத் தலையசைத்தார். அவருக்கு இங்கிலீஷ் நாலு சொல்லுக்குமேல் தெரியாது. குமாஸ்தா என் பக்கம் திரும்பி, "என்ன சொல்லுதாரு வே, கேட்டுச் சொல்லும்" என்றார். நான் கேட்டுச் சொன்னேன். அந்தத் தெருவில் படித்தவர் ஒருவருக்கு நாலாம் வகுப்புக்காரன் மொழிபெயர்த்தது அன்று ஒருநாள்தான். குமாஸ்தா அதற்கப்புறம் என் பச்சைப் புத்தகத்தைக் கேலி செய்யவில்லை.

ஆனால் நான் கடிதத்தில் பேசியதுபோல அவரிடம் பேசினேன் என்று சொல்லமுடியாது. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே நெடுநேரம் போகும். மறுநாள் கடற்கரையில் அதை அவரிடம் ஒப்புக்கொண்டேன். எனக்குத் தெரிந்த எந்த மொழியிலும் நான் பேசுகிறவன் அல்ல, கடிதத்தில் கண்டவனைத் தேடாதீர்கள் என்றேன். அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மறுநாள் காலை ரயிலேறிப் போனார். வண்டி நகரும்போது அவர் முகத்தில் இருந்தது ஏமாற்றமா, களைப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "ஒரு மண்ணும் வெளங்கல்ல. ஆனா ஒங்களுக்குப் பேச வருது" என்றாள். அன்றிலிருந்து சாப்பாட்டுநேரத்தில் கடையில் நடந்ததை நான் சொல்லவேண்டும் என்று வழக்கம் வைத்துவிட்டாள்.

மூன்று மாதம் கடிதம் வரவில்லை. நான் இரண்டு எழுதினேன். பதில் இல்லை. அந்த நட்பு போய்விட்டது என்றே நினைத்தேன். மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் தபால்காரர் நனைந்த உறை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கிட்டங்கிக்குள் போய், கண்ணாடியிலிருந்து இறங்குகிற மங்கலான வெளிச்சத்தில் பிரித்தேன்.

தாமதத்துக்கு மன்னிப்பு கேட்டிருந்தார். ஊருக்குத் திரும்பியதும் என் பழைய கடிதங்களைப் பெட்டியிலிருந்து எடுத்தாராம். எட்டு வருஷமும் அவற்றை அவர் தனக்குத் தெரிந்த ஒரு முரட்டுக் குரலில், கப்பலில் எல்லோரும் கத்துகிற குரலில் வாசித்துவந்திருக்கிறார். நடுவில் நிறுத்தாமல், மூச்சுவிடாமல். இப்போது என் குரல் தெரிந்துவிட்டது. எங்கே நிறுத்துவேன், எவ்வளவுநேரம் நிறுத்துவேன் என்று தெரிந்துவிட்டது. "நான் இதுவரை வாசித்ததெல்லாம் தப்பு" என்று எழுதியிருந்தார். "முதல் கடிதத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். மெதுவாகத்தான் போகிறது. இரண்டாம் வருஷம்வரை வந்திருக்கிறேன்."